உயரப் பந்து

எங்கள் தோட்டத்தில் கைபேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைப்பது பிள்ளைக் காம்பராவின் இடது பக்கச் சுவரோரத்தில்தான். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. காம்பராவுக்கு நேர் கீழே, தேயிலைச் சரிவு முடியும் இடத்தில், விளையாட்டு மைதானம். ஒரு பக்கம் சாய்ந்த நிலம். இறக்கத்தைப் பார்த்து ஆடும் அணிக்கு முதல் பாதியில் எல்லாம் சுலபமாகத் தெரியும், இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். சிக்னலுக்காகச் சிலர், மைதானத்தைப் பார்ப்பதற்காகச் சிலர் என்று சாயங்காலமானால் தோட்டத்து ஆண்களில் பாதிப் பேர் காம்பரா வாசலில் இருப்பார்கள். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாசலில் என் காதில் விழுந்தவை. நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை.

அவர்கள் பேசுவது பெரும்பாலும் யாரை அணியில் போடுவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்பதைப் பற்றித்தான். உலகக் கிண்ணம் நடக்கும் மாதங்களில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களின் கூரைத் தகரத்தில் பிரேசில் கொடியும் ஆர்ஜன்டினாக் கொடியும் பறக்கும். அந்த நாட்டு ஆட்டக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டலாம். யாருக்கும் வலிக்காது. எங்கள் தோட்டத்து அணியைப் பற்றிய பேச்சு அப்படியில்லை. ஒருவனுக்குக் கால் கனம் என்று சொன்னால் அவனுடைய சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒருவன் பந்தைக் கொடுக்கமாட்டான் என்று சொன்னால் அவனுடைய மாமனார் காம்பராக் குழாயில் கை கழுவிக்கொண்டிருப்பார். அதனால் பேசுகிறவர்கள் முதலில் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

அணியைத் தேர்ந்தெடுப்பவர் தோட்டத்து லொறியை ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். எல்லாருக்கும் டிரைவர் மாமா. அந்தப் பொறுப்பு அவரிடம் எப்படி வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை, அவரிடமிருந்து எடுக்கவும் யாருக்கும் தைரியமில்லை. போட்டி நெருங்கினால் அவர் காம்பராவுக்குள் வந்து பிள்ளைகளின் மரக்கட்டைகளை அள்ளிக்கொண்டு போவார். வர்ணம் பூசிய சின்னக் கட்டைகள். வாசல் சிமெந்தில் அவற்றைப் பரப்பி, இது இன்னார், அது இன்னார் என்று வைப்பார். பேச்சு முடிந்ததும் கட்டைகளை எண்ணி வாங்கிப் பெட்டியில் போடுவது என் வேலையாகிவிட்டது.

வாசலுக்கு வருகிறவர்களில் இன்னும் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். ஒருவர் டிக்கோயாவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கு நானா. துணி மூட்டையோடு வேனில் தோட்டந்தோட்டமாகப் போவார். எங்கள் தோட்டத்துக்கு வரும் நாளில் மட்டும் வியாபாரம் சீக்கிரம் முடிந்துவிடும். பள்ளிக்கூடக் காலத்தில் பந்து விளையாடியவர். பையன்களுக்கு ஜெர்சி எடுத்துத் தருவதும் அவர்தான். அதனாலோ என்னவோ, யாருக்கும் பயப்படாமல் பேசுவார்.

மற்றவர் கீழ் லயத்து அக்கா. கொழுந்து பறிக்கிறவர். கணவர் கொழும்பில் காவல் வேலை பார்த்தார். சாயங்காலம் அவர் அழைக்கும் நேரத்துக்கு அக்கா சுவரோரத்தில் வந்து நிற்பார். பேசி முடித்தபின்னும் போகமாட்டார். அவருடைய மகன்தான் எங்கள் அணியின் கீப்பர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, இருபது வயதைத் தாண்டியவன். எந்தத் தோட்டத்தில் போட்டி என்றாலும் அக்கா போவார். கோல் கம்பத்துக்குப் பின்னால், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை விரித்துப்போட்டு உட்காருவார். பாதி நேரம் முடிந்து அணிகள் பக்கம் மாறினால் படங்கைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். கைதட்டமாட்டார், கத்தமாட்டார். மழை பெய்தால் தலையில் ஒரு பொலித்தீன் பை.

நான் சொல்லப்போவது ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது. தைப்பொங்கலை ஒட்டி டிக்கோயா மைதானத்தில் தோட்டங்களுக்கிடையே போட்டி. டிரைவர் மாமா கட்டைகளைப் பரப்பிவிட்டார். நானாவின் வேன் மேலே ரோட்டில் நின்றது. தூறல். வாசலில் இடம் போதாமல் சிலர் ஜன்னலோரத்தில் சாய்ந்திருந்தார்கள். அம்மா வந்து சேராத இரண்டு பிள்ளைகளை நான் மடியில் வைத்திருந்தேன்.

முதலில் வலது ஓரத்தில் ஓடுகிறவனைப் பற்றிப் பேச்சு வந்தது.

"வேகம் இருக்கு. ஆனா தலையக் குனிஞ்சிக்கிட்டே ஓடுறான். கோடு முடிஞ்சதும் தெரியாம தேயிலைக்குள்ள போயி நிக்கிறான்" என்றார் ஒருவர்.

"பந்தோடதானே நிக்கிறான்?" என்றார் அவனுடைய சித்தப்பா.

"பந்தோடதான். ஆனா தேயிலைக்குள்ள கோல் இல்லையே."

பிறகு முன்வரிசையில் ஆடும் வயதான ஆளைப் பற்றி. பிள்ளை குட்டிக்காரர், லயங்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர். ஓடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். அவரை எடுக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு வருடமும் பேசுவார்கள், ஒவ்வொரு வருடமும் எடுப்பார்கள். "அவரு பந்தத் தேடிப் போறதில்ல, பந்து அவரத் தேடி வருது" என்று டிரைவர் மாமா சொன்னதோடு அது முடிந்தது.

கடைசியில் கோல். அங்கே ஒரு சிவப்புக் கட்டை இருந்தது. பேச்சு சட்டென்று நின்றது. கீழ் லயத்து அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் மைதானத்தைப் பார்த்தார்கள். மைதானத்தில் யாரும் இல்லை.

நானா மட்டும் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு செல்றேன். கோவிக்கப்படாது. மேல் லயத்துப் புள்ள ஒண்டு கொழும்புல சாப்பாட்டுக் கடையில நிக்கிறான். அங்க ராவைக்கு லைட்டுப் போட்டு வெளாடுற எடத்துல கீப்பர் நிக்கிறானாம். பொங்கலுக்கு வாரான். ஒசரம் ஈக்குது, கை நீளம் ஈக்குது. கீப்பருக்கு வேற என்னா வேணும்?"

"ஒசரம்தான் வேணும்னா கோயில் கொடிமரத்தக் கொண்டாந்து நிறுத்துவோமே நானா" என்றார் டிரைவர் மாமா. "ஒரு நாளு பழக வரல. பொங்கலுக்கு லீவுல வந்து எறங்குறவனுக்கு எடம் குடுத்துட்டா, இங்க தெனமும் சேத்துல பொரளுற பொடியன்க எதுக்கு?"

இது பழைய சண்டை. தோட்டத்தில் பாதிப் பையன்கள் கொழும்பில் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுச் சப்பாத்தோடு வருவார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தால் இங்கே இருப்பவர்கள் முகம் சுருங்கும். கொடுக்காவிட்டால் அவர்களுடைய வீட்டுக்காரர்கள் பேசமாட்டார்கள். இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தது. என் மடியில் இருந்த பிள்ளை ஒன்று அழ ஆரம்பித்தது.

அப்போதுதான் அக்கா சுண்ணாம்பு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏன் சுத்தி வளைக்கிறீங்க? எம் மகன கோல்ல போடாதீங்க."

யாரும் எதிர்பார்க்கவில்லை. டிரைவர் மாமா, "அட, அப்புடி யாரும் சொல்லலம்மா" என்றார்.

"நான் சொல்றேன். கீழ வார பந்துன்னா பாஞ்சி விழுந்து புடிப்பான். ஒசரப் பந்து வந்தா கையத் தூக்குறப்ப கண்ண மூடிக்கிறான். நான் பின்னாலதானே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டு எங்க புடிக்கிறது?"

சொல்லிவிட்டுக் குனிந்து, கோலில் இருந்த சிவப்புக் கட்டையை எடுத்தார். பின்வரிசை, பையன்கள் பேச்சில் 'பேக்', என்று மாமா வைத்திருந்த இடத்தில், இரண்டு கட்டைகளுக்கு நடுவில், அதை அழுத்தி வைத்தார். "இங்க வைங்க" என்றார். அவ்வளவுதான். நாலைந்து பேர் சிரித்தார்கள். கேலியாக இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல். அக்கா படங்கை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்.

கூட்டத்தில் யாரோ ஒருவன் இந்தப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து, அணிப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அது யாரென்று கடைசிவரை தெரியவரவில்லை. தெரிந்துகொள்ள யாரும் பெரிதாக முயலவுமில்லை. அக்காவின் மகன் தொழிற்சாலை வாசலில், வேலை மாறும் நேரத்தில், மற்றவர்களோடு சேர்ந்து நின்று அதைக் கேட்டிருக்கிறான். பதிவில் அவனுடைய அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. மகனைக் கோலில் போடவேண்டாம் என்றது இருந்தது. கண்ணை மூடிக்கொள்கிறான் என்றது இருந்தது. கடைசியில் "இங்க வைங்க" என்ற சத்தமும், அதன்பின் சிரிப்பும். கை கட்டையை எங்கே நகர்த்தியது என்பது குரலில் எப்படித் தெரியும்? கேட்டவர்களுக்கு அம்மா மகனைத் தூக்கி வெளியே வைத்தது போலத்தான் இருந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை. டிரைவர் மாமா ஆள் அனுப்பினார், வரவில்லை. கீப்பர் இடத்துக்குக் கொழும்புப் பையன் என்று தானாக முடிவாகிவிட்டது. அவன் வரும்வரை பையன்கள் கோலில் ஒரு பீப்பாயை நிறுத்திவைத்துப் பழகினார்கள்.

வீட்டுக்குள் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் சிக்னலுக்காக வந்தவர் வாசலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"பேச மாட்டேங்கிறான் தங்கச்சி. சோறு போட்டா திங்கிறான். தட்டக் கழுவி வைக்கிறான். மொகத்தப் பாக்கமாட்டேங்கிறான்."

"நீங்க அத்தன பேருக்கு முன்னுக்குச் சொல்லியிருக்க வேணாங்க்கா."

"அப்ப பொய் சொல்லணுமா? பந்து தாயப் பாத்தா வருது?" என்றார். குரலில் கோபம் இல்லை. "அவனோட காலு நல்ல காலு. எவன் வந்தாலும் வழி விடமாட்டான். சின்னதுலயே ரோட்டுல மாடு நின்னாலும் ஒதுங்கமாட்டான். அவன் பின்னுக்கு நின்னு மறிக்க வேண்டியவன். ஆரோ ஒரு நாளைக்கி, கீப்பர் வரலன்னு சொல்லி கோல்ல நிறுத்துனாங்க. அதோட அங்கயே நின்னுட்டான்."

அவர் சொன்னது சரியா தவறா என்று சொல்ல எனக்கு ஆட்டம் தெரியாது. அந்தக் கட்டை எங்கே நகர்ந்தது என்று மட்டும் தெரியும். அதை அவனிடம் சொல்வது நல்லது என்று தோன்றியது. அப்பாவோடு பேசுவதற்காக அவனும் சுவரோரத்துக்கு வருகிறவன்தான். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போனான். ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன்.

அவன் கைபேசியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முடித்ததும், "தெரியும் சித்தி" என்றான். "கட்டைய பேக்ல வச்சாங்கன்னு டிரைவர் மாமா சொன்னாரு."

"தெரிஞ்சிருந்துமா?"

"பேக்ல வச்சா என்னா, வெளியில வச்சா என்னா? அது இல்ல சித்தி. இவ்வளவு காலமும் எனக்குப் பின்னாலதானே உக்காந்திருந்தாங்க? நான் கண்ண மூடுறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாங்களா? ஊருகிட்ட சொன்னாங்க."

பிறகு அக்காவிடம் இதைக் கொண்டுபோனேன். "சொன்னேனே" என்றார். "எத்தன தடவ சொல்லியிருக்கேன். ஒங்களுக்கு என்னா தெரியும்னு எந்திரிச்சிப் போவான்." இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சொன்னதாகப் பதிந்திருக்காது. ஒரே அறையில் இருப்பவர்களுக்கு இப்படி நடப்பதை நான் என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் நான் அந்த விஷயத்தில் தலையிடவில்லை.

பொங்கல் வந்தது. கொழும்புப் பையன் வந்தான். நல்ல உயரம், நல்ல குணம். கையில் பெரிய பச்சைக் கையுறை. பழைய கீப்பரின் வீட்டுக்குப் போய், "நான் கேக்கலண்ணே, அவங்களாத்தான் போட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தானாம். அதற்கு இவன், "நல்லா வெளாடு" என்றானாம். இவ்வளவும் வாசலில் கேட்டதுதான்.

போட்டி நாளில் காம்பராவுக்கு விடுமுறை. நானாவின் வேன் ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் சிலர் பஸ்ஸில் போனோம், பலர் குறுக்குப் பாதையில் நடந்தார்கள். அதுவரை நான் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. அன்றைக்கு ஏன் போனேன் என்று கேட்டால், ஆட்டத்தைப் பார்க்க இல்லை. அக்காவோடு பேசிக்கொண்டு உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு அப்படி யாரும் வேண்டியிருக்கவில்லை. வழக்கம்போல் கோலுக்குப் பின்னால் படங்கை விரித்தார், எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார். அதன்பின் ஆட்டம் நடக்கும்போது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மகனும் வந்திருந்தான். மைதானத்தின் மறுபக்கம், ரோட்டோர மதிலில், ஜம்பர் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றான்.

முதல் ஆட்டத்தில் வென்றோம். வயரிங் வேலைக்காரர் நின்ற இடத்துக்குப் பந்து வந்தது, அவர் காலை நீட்டினார், கோல். ஆனால் ஈரத் தரையில் எங்கள் பின்வரிசை ஆள் ஒருவன் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். நானா தைலம் தேய்த்துப் பார்த்தார். கால் வீங்கியது. அடுத்த ஆட்டத்துக்கு அவன் ஆகமாட்டான் என்று ஆனது. வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் முன்வரிசைப் பையன்கள்.

டிரைவர் மாமா கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அணித் தலைவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் மைதானத்தைக் குறுக்கே கடந்து மதில் பக்கம் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தலைவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். இவன் தரையைப் பார்த்தான், வேண்டாம் என்று தலையாட்டினான். தலைவன் திரும்பி வந்தான். வந்த கையோடு, கால் பிசகியவனின் சப்பாத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனான். அதை மதிலின்மேல் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டான். சிறிது நேரத்தில் மகன் மதிலில் உட்கார்ந்து அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொள்வது தெரிந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் புல்லில் இருந்த அட்டையைக் குச்சியால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஆட்டத்தில் எங்களை எதிர்த்தது அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம். எல்லாரும் என்னைவிட நன்றாக அந்த ஆட்டத்தைச் சொல்வார்கள். நான் பார்த்தது ஒருவனைத்தான். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முதலில் தடுமாறினான், இரண்டு தடவை பந்தைக் கையால் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். கூட்டத்தில் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்துத் தடியன் ஒருவன் பந்தோடு வரும்போதெல்லாம் இவன் அசையாமல் நின்றான். கடைசி நொடியில் காலை விட்டான். பந்து எங்கேயோ போனது. ஒருமுறை முழங்காலுக்குக் கீழே நல்ல உதை வாங்கி விழுந்தான். நடுவர் குனிந்து பார்த்து, "ஹரித மல்லி?", சரியா தம்பி என்று சிங்களத்தில் கேட்டார். "ஹரி" என்று எழுந்து நொண்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போனான். அக்காவின் கை படங்கின் ஓரத்தைப் பிடித்திருந்தது. அது மட்டும்தான் அவரிடம் நான் கண்ட மாற்றம்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. எங்கள் பக்கத்தில் அது வருவதைப் பார்க்கலாம், வந்துவிட்டால் ஒன்றையும் பார்க்கமுடியாது. எதிர்க் கோல் மறைந்தது. பிறகு மைதானத்தின் நடுக்கோடு மறைந்தது. நடுவர் நிறுத்துவாரா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வெள்ளைக்குள்ளிருந்து யாரோ பந்தைத் தூக்கி அடித்த சத்தம் கேட்டது. கொழும்புப் பையன் முன்னே ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கினான். பந்து அவனுக்குப் பின்னால் விழுந்து, ஒருமுறை எழும்பி, மெதுவாகக் கோலுக்குள் போனது. எங்களுக்கு மிகப் பக்கத்தில். வலையில்லாத கோல், பந்து உருண்டு வந்து அக்காவின் காலில் பட்டு நின்றது. அவர் அதை எடுத்து உள்ளே தூக்கிப் போட்டார்.

அந்த ஒரு கோலில் தோற்றோம்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். ஆட்டக்காரர்களும் நடந்தார்கள். வேனில் கால் பிசகியவனை மட்டும் ஏற்றியிருந்தார்கள், நானா எங்களுக்குப் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டு வந்தார். மைதான வாசல் தாண்டுவதற்குள் விவாதம் ஆரம்பித்துவிட்டது. கீப்பர் வெளியே வந்திருக்கக்கூடாது என்றார் ஒருவர். பழகாதவனைப் போட்டது பிழை என்றார் இன்னொருவர். கொழும்புப் பையன் எல்லாருக்கும் பின்னால், கையுறையைக் கழற்றாமலே தலையைக் குனிந்து வந்தான்.

வலது ஓரத்துக்காரனின் சித்தப்பா அக்காவுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "பாத்தீங்களா? ஒங்க மகனக் கோல்ல நிறுத்தியிருந்தா இது நடந்திருக்குமா?" என்றார்.

"நடந்திருக்கும்" என்றார் அக்கா. "அவனும் விட்டுருப்பான். அந்தப் பனிக்குள்ள ஆரு நின்னாலும் விட்டுருப்பாங்க. அந்தப் புள்ளய ஏசாதீங்க. எனக்கே பந்து கால்ல பட்டப் பொறகுதான் தெரிஞ்சது."

நானா வேனுக்குள்ளிருந்து, "அது நெசம்" என்றார்.

மகன் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நொண்டிக்கொண்டு போனான். நின்றான். திரும்பாமலே கேட்டான்.

"கண்ண மூடிக்கிட்டா விட்டுருப்பேன், தொறந்துக்கிட்டா?"

அவன் அம்மாவிடம் பேசி வாரக்கணக்காகியிருந்தது என்பது நடந்து வந்த எல்லாருக்கும் தெரியும்.

"மூடிக்கிட்டுத்தான்" என்றார் அக்கா.

டிரைவர் மாமா முதலில் சிரித்தார். பிறகு நானா, பிறகு மற்றவர்கள். கொழும்புப் பையன்கூடத் தலையை நிமிர்த்தினான். மகன் சிரிக்கவில்லை. சேறு படிந்த சப்பாத்து இரண்டையும் கழற்றி, நாடாவை முடிந்து அம்மாவின் தோளில் மாட்டிவிட்டான். "காலு வலிக்கிது, நீங்க தூக்கிட்டு வாங்க" என்று வெறுங்காலோடு நடந்தான். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவர் சட்டையில் சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

அன்று முதல் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. பேசினார்கள், ஆனால் பார்த்துப் பேசினார்கள். அவன் மறுபடியும் கோலில் நிற்கவில்லை. அதற்காக அம்மாவுக்கு நன்றி சொல்லவுமில்லை. பின்வரிசையில் ஆடுவது பிடித்திருக்கிறதா என்று நான் ஒருமுறை கேட்டபோது, "கோல்ல நின்னா எல்லாரும் ஒன்னயத்தான் பாப்பாங்க சித்தி. பேக்ல யாரும் பாக்கமாட்டாங்க" என்றான். குறையாகச் சொன்னானா நிம்மதியாகச் சொன்னானா என்று எனக்குப் புரியவில்லை.

சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு அவனும் கொழும்புக்குப் போனான். தொழிற்சாலையில் வேலை நாட்கள் குறைந்திருந்தன, அப்பா தெரிந்த ஹார்ட்வெயார் கடையில் சொல்லிவைத்திருந்தார். போகிற அன்று ஹட்டன் வரைக்கும் அக்கா கூடப் போனார். ரயில் பெட்டிக்குள் நல்ல கூட்டமாம், உட்கார இடம் கிடைக்கவில்லையாம். மறுநாள் வேலைக்கு வந்தபோது இதை மட்டும்தான் சொன்னார்.

இப்போது மத்தியானங்களில் அக்கா காம்பராவுக்கு வருவது அவனோடு பேசத்தான். கடையில் சாப்பாட்டு நேரத்தில் அவன் அழைப்பான். கையில் கொழுந்துக் கறையோடு, கைபேசியைக் காதில் வைத்துச் சுவரோரத்தில் நிற்பார். சாப்பிட்டியா, அப்பா எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். மிச்சம் எல்லாம் பந்து. யார் பயிற்சிக்கு வருகிறான், யாருக்குக் கால் சரியில்லை, இந்த வருடம் யாரைப் போடவேண்டும் என்று. அவன் அங்கே இருந்துகொண்டு ஒரு அணி சொல்வான். அக்கா இங்கே இருந்துகொண்டு மறுப்பார்.

போன வாரமும் வந்தார். நான் பிள்ளைகளைத் தூங்கவைத்திருந்தேன். தொட்டில்கள் எல்லாம் அசைவு நின்று அமைதியாக இருந்த நேரம். இடது ஓரத்தில் ஆடப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். அவனைப் பற்றி அம்மாவுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை.

"நீ பாத்தியா அவன? நான் பாத்தேன். எடது காலே கெடையாது அவனுக்கு. நிக்கிறதுக்குத்தான் வச்சிருக்கான்." அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். "வீடியோவுல பாத்தா அப்புடித்தான் தெரியும். இங்க வந்து பாரு." மறுபடியும் அவன் ஏதோ சொன்னான். "ஒனக்கு என்னா தெரியும்?" என்றார் அக்கா, கொஞ்சம் சத்தமாகவே.

ஒரு தொட்டில் அசைந்தது. பிறகு அடுத்தது. நான் வாசலுக்குப் போய், கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினேன். அக்கா தலையாட்டிவிட்டு இரண்டு அடி தள்ளிப் போனார். அங்கே சிக்னல் இல்லை. "அலோ, அலோ" என்று கத்தினார். பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டன.